றோசி குடித்த தண்ணீர்

பக்கத்து அறையில் நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. ஆட்டுக்குட்டியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மிருக வைத்தியர் யசோதராவின் கை ஒரு கணம் நின்றது. நாக்கு வாளியின் அடியில் உரசும் வரை சத்தம் ஓயவில்லை. மூன்று கிழமையாக இன்சுலின் போடும் நாய் இப்படிக் குடிக்கக் கூடாது.

ஆட்டுக்காரர் போனதும் சல்லிக் கிராமத்து மீனவர் வல்லிபுரம் உள்ளே வந்தார். ஒரு கையில் றோசியின் கயிறு, மறுகையில் குளிர் காக்கும் சிறிய ரெஜிபோம் பெட்டி. சீனி வருத்தத்தில் றோசியின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“இனி ஏலாது டொக்டர். இவளை நிம்மதியா அனுப்பிவிடுங்கோ.” கதிரையில் இருக்கக்கூட அவருக்கு மனமில்லை. “மனிசி யோகம்மா வீட்டில அழுதுகொண்டு கிடக்கிறா. கண்ணால பாக்க மாட்டன் எண்டிட்டா.”

யசோதரா றோசியின் காது நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாள். சீனி துளியும் இறங்கவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் வழியில், இரண்டே அறையுள்ள அந்த இடத்தில் அவள் பத்தொன்பது வருடமாக வைத்தியம் பார்க்கிறாள். முதல் வருடத்தில் இறக்கக்கண்டியிலிருந்து ஒரு தாய் இப்படித்தான் சீனி வருத்தம் வந்த ஒரு நாயோடு வந்து கெஞ்சினாள். யசோதராவும் உயிர் போக்கும் கடைசி ஊசியைப் போட்டுவிட்டாள். மறுநாள் அந்தத் தாய் மிச்ச இன்சுலினையும் ஊசிக்குழாயையும் திருப்பித் தந்தபோதுதான் தெரிந்தது, அது இன்சுலினுக்குரிய ஊசிக்குழாய் இல்லை. அத்தனை நாளும் நாயின் உடம்புக்குப் போனது பாதி மருந்துகூட இல்லை. அதன் பிறகு, “ஊசி போட்டீங்களா?” என்று யசோதரா எவரையும் கேட்டதில்லை; செய்து காட்டச் சொல்வாள்.

“அண்ணை, வீட்டில செய்யிற மாதிரியே எனக்கு ஒருக்கா செய்து காட்டுங்கோ.”

“சாகப்போற சீவனுக்கு ஏன் இன்னொரு குத்து?”

“குத்த வேண்டாம். அதுக்கு முன்னால செய்யிறது எல்லாத்தையும் காட்டுங்கோ.”

வல்லிபுரம் பெட்டியைத் திறந்து, நொறுக்கிய ஐஸுக்குள் கையை விட்டு மருந்துக் குப்பியை எடுத்தார்.

“ஏன் ஐஸுக்குள்ள?”

“குளிரில வைக்கச் சொன்னது நீங்கள்தானே. பிரிட்ஜைப் பேரப்பிள்ளையள் நிமிசத்துக்கொருக்காத் திறக்குதுகள். அதுதான் கடலுக்குக் கொண்டுபோற மாதிரி ஐஸுக்கு உப்புப் போட்டு வைச்சனான். பாரை மீனே மூண்டு நாள் பழுதாகாமல் கிடக்கும்.” அந்தத் துயரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை.

குப்பியை யசோதரா யன்னல் வெளிச்சத்தில் உருட்டினாள். கண்ணாடியில் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தது. உப்புப் போட்ட ஐஸின் கடுங்குளிரில் உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் அதை நம்ப ஏலாது. மூன்று கிழமையாக அந்த மனிதர் நேரம் தவறாமல் போட்டது செத்த மருந்தை.

“பிழை என்ரதான் அண்ணை. குளிர் எண்டு சொன்னனான், எவ்வளவு குளிர் எண்டு சொல்லேல்லை. மருந்து பாரை மீன் இல்லையே.”

வல்லிபுரம் அப்போதுதான் கதிரையில் இருந்தார். “அப்ப நான்தானே இவளை...”

“இல்லை. நீங்கள் ஒருநாளும் நேரம் தவறவிடேல்லை. அதாலதான் பிழை மருந்தில மட்டும் எண்டு தெரியுது, இவளுக்கு இன்னும் வழி இருக்குது.”

புது மருந்து முழுப் பலத்தோடு வேலை செய்யும் என்பதால் அவள் அளவைக் குறைத்து எழுதி, புதுக் குப்பி கொடுத்தாள். “பிரிட்ஜில நடுத் தட்டு, ஒரு டப்பாவுக்குள்ள. சாப்பிட்ட பிறகுதான் ஊசி. சாப்பிடாட்டி ஊசி போடாமல் எனக்குப் போன் எடுங்கோ.”

அன்று முதல் ஒவ்வொரு காலையும் அவளே சல்லிக்குப் போன் எடுத்து, றோசி எத்தனை வாளி குடித்தது என்று கேட்டாள்.

பத்தாம் நாள் பக்கத்து அறையில் நாலே நாலு முறை நக்கும் சத்தம் கேட்டு அடங்கியது. யசோதரா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு காதில் குத்திப் பார்த்தபோது சீனி பாதியாக இறங்கியிருந்தது. வல்லிபுரத்தோடு வந்திருந்த மனைவி யோகம்மாவின் கண் கலங்கியது, வாய் மட்டும் அடங்கவில்லை.

“பிரிட்ஜுக்குப் பக்கத்தில கதிரை போட்டுக் காவல் இருக்கிறார் டொக்டர். ஒரு கத்தரிக்காய் எடுக்க நானும் கெஞ்சவேணும்.”

“பின்னே, மருந்தெல்லோ,” என்றார் வல்லிபுரம்.

வாளியில் தண்ணீர் முக்கால்வாசிக்கு மேல் கிடந்தது. றோசி இருவரையும் இழுத்துக்கொண்டு படியிறங்கியது. முச்சக்கர வண்டி புறப்படும்வரை பார்த்து நின்றுவிட்டு, யசோதரா கதவைச் சாத்தினாள்.