பதினோராம் நாளில் நின்றுபோன என் உபவாசம்

இயேசுவை நம்பும் என் சகோதர சகோதரிகளே, என் பெயர் டேவிட்ராஜ். ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் பதினாறு வருடம் பஸ் ஓட்டினேன். பர்கூரில் கிளம்பி, கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குள் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். அத்தனை வருடத்தில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஆனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சூளகிரியைத் தாண்டியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண் "அண்ணே, அண்ணே" என்று கத்தியதில்தான் கண் திறந்தேன். பஸ் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பள்ளம். எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உள்ளே நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கம்பெனியில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்போது என் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. கழுத்துச் சதை அழுத்தி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, நீங்கள் இரவு முழுக்கப் படுத்திருந்தாலும் தூங்குவதே இல்லை என்று டாக்டர் சொன்னார். சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. எடை குறையாமல் பஸ்ஸைத் தொடக்கூடாது என்றார். குறைப்பதற்கு நான் படாத பாடில்லை. ஐந்து கிலோ இறங்கும், எட்டு கிலோ ஏறும். கடைசியில் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவானது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்தியவன் நான்தான். காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்து, முழங்காலில் நின்று, ஊருக்காகவும் தேசத்துக்காகவும் அழுது ஜெபிப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெபம் முடிந்ததும் நேராக ஓட்டலுக்குப் போய் இரண்டு பிரியாணி சாப்பிடுவேன். அதற்கு மேல் பரோட்டாவும் உண்டு. "டேவிட்டு அண்ணன் உபவாசம் இருந்தா பாகலூர் ரோட்டு ஓட்டல்காரருக்குக் கொண்டாட்டம்" என்று வாலிபர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும்தான். புரதப் பவுடர் கரைத்த பால், மோர், வடிகட்டிய சூப். ஈரலில் படிந்த கொழுப்பு கரைந்தால்தான் டாக்டரால் உள்ளே கருவியை விட முடியுமாம். ஒன்பதாவது நாள் என் மனைவி எஸ்தரின் ஊரான உத்தனப்பள்ளியில் ஒரு கல்யாணம். முகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். பந்தியில் யாரோ கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். யாரோ என்ன யாரோ, நானேதான் போய் உட்கார்ந்தேன். அன்று மட்டுமா என்றால் அதற்கு அடுத்த நான்கு நாளும் எதையாவது தின்றேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஈரல் இன்னும் பெரிதாகவே இருக்கிறது என்று ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவைத்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கும் பெண் பெயர் சுமா. கன்னடக்காரப் பெண், தமிழ் நன்றாகவே பேசும். அது என்னைத் திட்டவில்லை. "யாருக்கும் தெரியாம சாப்பிட்டீங்க அண்ணா. ஆனா ஈரலுக்குத் தெரிஞ்சிடுச்சே" என்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த மூன்று வாரம் ஒழுங்காக இருந்தேன்.

ஏப்ரலில் ஆபரேஷன். என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகும்போது பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டேன். "கர்த்தாவே, என்னை உயிரோடு எழுப்பினால் இருபத்தொரு நாள் தண்ணீர் மட்டும் குடித்து உமக்கு உபவாசம் இருப்பேன்" என்று பொருத்தனை செய்தேன். எங்கள் சபையில் நன்றி சொல்ல எங்களுக்குத் தெரிந்த பெரிய வழி அதுதான். எப்படிப்பட்ட வயிற்றோடு எழுந்திருக்கப் போகிறேன் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

உயிரோடு எழுந்தேன். முதல் வாரம் இருமல் மருந்து மூடி அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன். பிறகு பால், பருப்புத் தண்ணீர், அதற்குப் பிறகு மசித்த உணவு. மசித்த பருப்பு மூன்று ஸ்பூன் போனால் நெஞ்சு அடைத்துவிடும். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். புரதம் முதலில், சோறு கடைசியில். வைட்டமின் மாத்திரை ஆயுசு முழுக்க. என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொரு வேளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுமாவுக்கு அனுப்ப வேண்டும். எனக்குப் பசியே எடுக்கவில்லை. குழந்தைத் தட்டில் இரண்டு ஸ்பூன் பருப்பை வைத்துக்கொண்டு ஒருநாள் ஓவென்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று எஸ்தருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

ஆறாவது வாரம் எடை பார்த்தேன். பதினேழு கிலோ குறைந்திருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உடனே பொருத்தனை ஞாபகம் வந்தது. கர்த்தர் தம் பங்கைச் செய்துவிட்டார், நான் செய்யவில்லையே என்று மனசு அரித்தது. டாக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். எஸ்தரிடம் சொன்னால் விடமாட்டாள். அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை தொடங்கினேன்.

எஸ்தர் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ பேக்கிங் செய்கிறாள். காலை ஆறரைக்கே போய்விடுவாள். போவதற்குமுன் வேகவைத்த முட்டையை மசித்து ஒரு டப்பா, தயிர் ஒரு டப்பா, பருப்பு ஒரு டப்பா என்று மூடி வைப்பாள். நான் அதையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டு டப்பாக்களைக் கழுவி வைப்பேன். "சாப்டீங்களா?" என்று சாயங்காலம் கேட்பாள். "ஆச்சு" என்பேன். இரவிலும் அவள் முதுகைத் திருப்பினால் போதும், தட்டு காலியாகிவிடும். முதல் வாரம் டப்பாவைப் போட்டோ எடுத்துச் சுமாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் கொட்டினேன், இரண்டாவது வாரம் அதையும் நிறுத்தினேன். மாத்திரை விழுங்கினால் உபவாசம் தீட்டாகிவிடுமோ என்று அதையும் விட்டேன். பொய் சொன்னால் தீட்டாகாதா என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாவது நாள் தண்ணீரே வாந்தியாக வர ஆரம்பித்தது. எட்டாவது நாள் பாதம் மரத்துப்போனது. ஆவியானவர் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பத்தாவது நாள் டிவியில் ஒரு முகம் இரண்டாகத் தெரிந்தது. அன்று புதன்கிழமை. எஸ்தர் முகம் வாடியிருக்கிறதே என்றாள், வெயில் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஒரு குழாய் இருந்த இடத்தில் இரண்டு குழாய் தெரிந்தன. எதில் சொம்பை வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கால் பின்னிக்கொண்டது. அப்படியே விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நூற்று முப்பத்தெட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு பதினாறு வருடம் பஸ்ஸில் ஏறி இறங்கிய கால் அது. அதை மடக்கக்கூட என்னால் முடியவில்லை. கூப்பிட்டால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டிலும் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

தரையில் கிடந்தபடி ஜெபிக்க வாயைத் திறந்தேன். வழக்கமாக வரும் பெரிய பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இதை முடிக்கவும் முடியல, விடவும் பயமா இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல. நீரே பாத்துக்கும்" என்று மட்டும் சொன்னேன். சின்னப் பிள்ளைபோல அழுதேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

சட்டைப் பையில் போன் அடித்தது. தடவித் தடவி எடுத்துக் காதில் வைத்தேன்.

"அண்ணா, சுமா பேசறேன். ஊட்டா ஆய்த்தா?"

சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் யாரும் யாரையும் சாதாரணமாகக் கேட்பதுதான். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. "இல்லம்மா, பதினோரு நாளா சாப்பிடல" என்றேன். பொருத்தனையைச் சொன்னேன், கொட்டியதைச் சொன்னேன், இரண்டு குழாயையும் சொன்னேன்.

அந்தப் பெண் பதறியது குரலில் தெரிந்தது. ஆனாலும் நிதானமாகப் பேசியது. "சர்க்கரைத் தண்ணி, ஜூஸ், குளுக்கோஸ் எதுவும் குடிக்காதீங்க அண்ணா. உங்க உடம்புல ஒரு வைட்டமின் சுத்தமா தீர்ந்துபோச்சு. அந்த ஊசியத்தான் முதல்ல போடணும். எஸ்தர் அக்கா நம்பர் என்கிட்ட இருக்கு, நான் கூப்பிடறேன். போனை வைக்காம பக்கத்துலயே வச்சுக்குங்க."

முக்கால் மணி நேரத்தில் எஸ்தர் தோட்டத்து வேனில் வந்து இறங்கினாள். ஓசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுமா அங்கிருந்த டாக்டரிடம் போனில் எங்கள் டாக்டரைப் பேச வைத்தது. முதலில் ஊசி, பிறகு டிரிப். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், நடையும் திரும்பியிருக்காது என்று ஓசூர் டாக்டர் சொன்னார்.

பிறகு சுமாவிடம் கேட்டேன், அந்த நேரத்தில் ஏன் கூப்பிட்டாய் என்று. போட்டோ வராதவர்களை அது வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுமாம். அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்ததால் ஒருநாள் முன்பே கூப்பிட்டதாம். சுமாவுக்கு அது லீவு. எனக்கு அது பதில்.

எஸ்தர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, டிரிப் முடியும்வரை சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "நான் அஞ்சு மணிக்கு எழுந்து செஞ்சத கொட்டிட்டு, என்கிட்ட பொய் சொல்லிட்டு, அது கர்த்தருக்கு உபவாசமாங்க?" அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் எங்கள் பாஸ்டர் வந்தார். பத்து நாள் மிச்சம் இருக்கிறது ஐயா, பொருத்தனையை உடைத்துவிட்டேன் என்று அழுதேன். அவர் பிரசங்கம் செய்யவில்லை. "நீங்க முன்னாடியே என்கிட்ட கேட்டிருந்தா நானும் ஆமென் சொல்லி அனுப்பியிருப்பேன் பிரதர். எனக்கும் தெரியாது" என்றார். பிறகு நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, மசித்த முட்டையை ஸ்பூனில் எடுத்து என் வாயருகில் நீட்டினார். "இதையும் அவருக்குன்னே சாப்பிடுங்க" என்றார். நான் மென்றேன்.

நடை சரியாக இரண்டு மாதம் பிடித்தது. இடது பாதத்தில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது. பஸ் ஓட்டவில்லை, கம்பெனியில் எந்த பஸ் எந்த நேரத்துக்கு என்று குறிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். எடை இப்போது தொண்ணூற்றாறு. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். மாத்திரை ஒருநாளும் தப்புவதில்லை. இப்போதும் கல்யாணப் பந்தியைப் பார்த்தால் மனசு போகத்தான் செய்கிறது. ஆபரேஷன் என் இரைப்பையைத்தான் சிறிதாக்கியது, ஆசையைத் தினமும் கர்த்தரிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு இன்றும் போகிறேன். மணி பன்னிரண்டரை ஆனால் டப்பாவைத் திறக்க வேண்டும். முதல் வாரம் வெட்கப்பட்டுச் செருப்பு விடும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று சாப்பிட்டேன். அடுத்த வாரம் பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு, நடந்ததைச் சபைக்குச் சொல்லச் சொன்னார். கொட்டினது முதல் பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருவரும் கிண்டல் செய்யவில்லை.

கூட்டம் முடிந்து ஒரு சகோதரி தனியாக வந்தார். உபவாசத்துக்காகச் சர்க்கரை மாத்திரையை மூன்று வாரமாக விட்டிருப்பதாகவும், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். எஸ்தர் அவரை அப்போதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்படி ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு ஆண்டவரிடம் போய், என்னால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சமையலறைத் தரையில் கிடந்து நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.