உப்பாத மாவு

எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்குப் பெயர் பெரியம்மா. வயது நாற்பதுதான், உடம்பைப் பார்த்து யாரோ வைத்தது. அவள் சமைப்பாள், நான் பாத்திரம் கழுவுவேன். சனிக்கிழமை வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டியவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அறிவியல் சோதனை என்று கூத்தடிப்பாள். வெயில் காலத்தில் அட்டைப் பெட்டிக்குள் பளபளப்பான தாள் ஒட்டி, அடுப்பே இல்லாமல் தக்காளியை வாட்டினார்கள். பூக்கும் காலத்தில் செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து, நிறம் மாறியதற்கு ஊரையே கூட்டினார்கள். கறை போகாமல் தேய்த்துத் தேய்த்துச் செத்தது யார்? நான்தான்.

"சமையல்காரிக்கு எதுக்கு அறிவியல்?" என்று ஒரு டீச்சர் தலைமையாசிரியையிடம் வத்தி வைத்துவிட்டாள். அவர் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "இந்தச் சனிக்கிழமை பெத்தவங்க முன்னாடி செஞ்சு காட்டு. சரியா வரலன்னா இதோட நிறுத்திக்கலாம்" என்றார். அன்று அவள் சாப்பிடவே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் உயிர்.

சனிக்கிழமை விடாத மழை. குளிரில் ரொட்டி மாவை எப்படி உப்ப வைப்பது என்பதுதான் பாடம். ஈஸ்டைத் தண்ணீரில் கரைத்து, மாவில் விட்டுப் பிசைந்து வைத்தார்கள். ஒரு மணி நேரமாயிற்று. மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. பெற்றோரும், முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியையும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"மழை மேல பழியைப் போட்டுருடி, யாருக்குத் தெரியப்போகுது" என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் கேட்டால்தானே!

"பிள்ளைங்களா, மழை ஒண்ணும் பண்ணல. எங்க உப்பாமப் போயிடுமோங்கிற பயத்துல நான்தான் ரொம்பச் சூடா தண்ணி ஊத்திட்டேன். ஈஸ்ட் செத்துப்போச்சு. தப்பு என்னுது."

போச்சுடா என்று தலையில் கை வைத்தேன். அதற்குள் ஒரு வாண்டு எழுந்து, "அப்போ எவ்வளவு சூடு வேணும்?" என்றது. அவ்வளவுதான், மூன்று கிண்ணங்கள் வந்தன. பச்சைத் தண்ணீர், வெதுவெதுப்பு, கொதிநீர். ஒவ்வொன்றிலும் ஈஸ்டும் சர்க்கரையும் போட்டுவிட்டு, மூக்கு இடிக்கக் குனிந்து காத்திருந்தார்கள். அப்பாக்களும் நாற்காலியை இழுத்துப்போட்டு வந்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் நடுக் கிண்ணம் நுரைத்துப் பொங்கியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

தலைமையாசிரியை எழுந்து வந்தார்.

"இருபது வருஷமா இங்க இருக்கேன். ஒரு டீச்சர்கூடப் பிள்ளைங்க முன்னாடி 'தப்பு என்னுது'ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல."

பெரியம்மா கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்தாள். "அப்போ... நிறுத்திடவாங்கம்மா?"

"நிறுத்துறதா? அடுத்த வாரம் எங்க டீச்சர்களையும் அனுப்புறேன். பிள்ளைங்களோட உட்கார வச்சுக்கோ."