உதுமாலெவ்வையின் பெருவிரல்

காலையில் மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தராசை எடுக்காமல் நின்றார். "உங்கட கூட்டாளி மவுத்தாப் போயிட்டாராம். விடிய சுபஹுத் தொழுதிட்டு வந்து நெஞ்சு நோகுது எண்டிருக்கார். பள்ளிவாசல்ல அறிவிச்சாங்க" என்றார். எந்தக் கூட்டாளி என்று நான் கேட்கவில்லை. கல்முனையில் எனக்குத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். கூட்டாளி என்று ஊர் சொல்வது உதுமாலெவ்வையை மட்டுந்தான். மீன்சட்டியை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டையைத் தேடினேன். என் ஊரான பாண்டிருப்பிலிருந்து அவன் வீடு நடக்கிற தூரம். அன்றைக்கு அந்தத் தூரம் முடிகிற மாதிரி இல்லை.

அவன் என்றுதான் எழுதப்போகிறேன். மகன்மார் கோபித்தால் கோபிக்கட்டும். அவர் இவர் என்று எழுதினால் முதலில் சிரிக்கிறவன் உதுமாலெவ்வையாகத்தான் இருப்பான்.

ஜனாஸாவுக்கு வந்து அவன் வீட்டு முற்றத்தில் கதிரைகளில் இருந்தவர்கள் அவனைப் பற்றி நல்லதே கதைத்தார்கள். கதையோடு கதையாக ஒருவர் சொன்னார்: "ஊருக்கெல்லாம் கயிறு புடிக்கப் படிப்பிச்ச மனிசன், தன்ட பெருவிரலக் கயித்துக்குக் குடுத்திட்டாரே!" பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பதினொரு வருடமாக எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதை. அவனே அதைச் சொல்லிச் சிரித்தவன். நான் அங்கேயும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் அவனை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். அந்த விரல் போனது அவன் பிழையால் இல்லை.

எங்கள் இரண்டு குடும்பத்து எருமைகளும் நாவிதன்வெளிக்கு அப்பால் ஒரே பட்டியில் நின்றன. வயலில் வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் பட்டிக்காரர்கள் ஒன்றுகூடிக் யாருடையது என்று தெரியக் கன்று காளைகளுக்குக் குறிசுடுவார்கள். சுடுவதற்கு மாட்டை விழுத்த வேண்டும். அது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. முன்கயிற்றுக்காரன் கொம்புக்குச் சுருக்கு எறிந்து, கயிற்றை நட்டுவைத்த மரக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பான். பின்கயிற்றுக்காரன் பின்னங்காலைச் சுருக்கில் மாட்டி இழுத்து, "புடிச்சிட்டன்!" என்று கூவுவான். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் முன்கயிற்றுக்காரன் பிடியை இளக்கி இரண்டாவது சுற்றுப் போடலாம். முன்னுக்கு நிற்கிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான். பார்க்க நேரம் இருக்காது. பின்னுக்கு நிற்கிறவனின் குரலை நம்புவான், அவ்வளவுதான். உதுமாலெவ்வை முன்கயிறு. நான் பின்கயிறு.

கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்த எனக்கு லீவு கிடைத்தால் பட்டிதான். ஆனால் என் சுருக்கு சரியான இடத்தில் விழுந்ததை விடச் சேற்றில் விழுந்ததே அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் முற்றத்தில் உதுமாலெவ்வை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் நடக்கத் தொடங்கினான். "நான்தான் எருமை. என்ட காலப் புடி" என்றான். நான் எறிய, அவன் உதைக்க, கோழிகள் எல்லாம் வேலிக்கு மேலால் பறந்தன. அவன் மனைவி சுபைதா மச்சி தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றுவிட்டா. "அல்லாவே, ரெண்டு பேருக்கும் விசரா?" அவன் நாலு காலில் நின்றபடியே அவவைப் பார்த்து எருமை மாதிரிக் கத்தினான். அந்த நாளுக்குப் பிறகு என் சுருக்கு ஓரளவுக்கு விழத் தொடங்கியது.

அவன் சொல்லித்தந்தவை இன்னும் காதில் கிடக்கின்றன. "கால் நிக்கிற இடத்துக்கு எறியாத, கால் வரப்போற இடத்துக்கு எறி." "கயித்த இடுப்பில கட்டாத. மாடு ஓடினா நீயும் கூட ஓடோணும், அது நிக்கிற இடத்தில உனக்கு மையவாடி, அங்கயே அடக்கோணும்." தோலை வாராக வெட்டி முறுக்கிய அந்தக் கயிற்றுக்கு மாதம் ஒருக்கால் கொழுப்புத் தடவுவான். வெடித்த இடம் இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பான். எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. "கட்டையில சுத்தக்குள்ள பெருவிரல் வானத்தப் பாத்து இரிக்கோணும்." இதை அவன் சொல்லாத ஆள் பட்டிப் பக்கம் இல்லை. அதனால்தான் பிறகு அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கிளியைச் சொல்லாமல் விட்டால் அவன் என்னை மன்னிக்கமாட்டான். கிளி என்பது பறவை இல்லை. பட்டியிலேயே பெரிய வயிறுடைய, நன்றாகப் பழகிய பெண் எருமை. அவளை முன்னால் நடக்கவிட்டு, அவள் மறைவில் நாங்கள் குனிந்துகொண்டு போவோம். அவளைக் கண்டால் முரட்டுக் காளைகளும் கலையாமல் நிற்கும். ஒருமுறை நான் அவளை வெயிலில் கட்டிவிட்டு, வயல் சொந்தக்காரப் போடியாரின் காவல் வாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். உதுமாலெவ்வை வந்தான். தனக்கு ஊற்றிய கோப்பையைத் தொடவில்லை. வாய்க்காலுக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்து, முதுகில் ஊற்றி, நிழலுக்கு மாற்றிக் கட்டினான். பிறகு வந்து ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தான். "நாம ரெண்டு பேர் எண்டு நினைக்காத, ராசா. மூணு பேர். அவ வாய் திறந்து கேக்கமாட்டா, அவ்வளவுதான்."

இவ்வளவு பார்க்கிறவனை மாடு விழுத்துகிற போட்டி ஒன்றில் அதே கிளி மானங்கெடுத்தாள். எங்கள் முறை வந்ததும் நேரே தண்ணீர் மடுவுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டாள். அவள் மறைவில் குனிந்து போன நாங்கள் இருவரும் சனம் பார்த்துச் சிரிக்க நடுவெளியில் நின்றோம். "அவளுக்கு வெக்கை, என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு அவனும் மடுவுக்குள் இறங்கி அவள் முதுகைத் தேய்த்துவிட்டான்.

எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்ட பெரிய சூறாவளிக்கு முந்திய வருடம் நடந்த போட்டிக்கு வருகிறேன். வராமல் இருக்க ஏலுமென்றால் வரமாட்டேன். சோடி சோடியாக இறங்க வேண்டும், குறைந்த நேரத்தில் விழுத்துகிற சோடிக்கு ஓர் இளம் நாகு எருமை பரிசு. எங்களுக்கு முன் இறங்கிய சோடி கண் மூடித் திறப்பதற்குள் விழுத்திவிட்டது. அவர்களை விட வேகமாக முடிக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். எங்களுக்கு விட்ட எருமைக் காளை வந்தது. உதுமாலெவ்வையின் சுருக்கு இரண்டு கொம்பிலும் அளவாக விழுந்தது. கட்டையில் ஒரு சுற்று, பெருவிரல் வானத்தைப் பார்த்தபடி. நான் எறிந்தேன். காளையின் கால் என் சுருக்குக்குள் இறங்கியதைக் கண்ணால் கண்டேன். இழுத்துப் பார்க்கவில்லை. கயிறு இறுகவில்லை. அதற்குள் "புடிச்சிட்டன்!" என்று கத்திவிட்டேன்.

அவன் என்னை நம்பிப் பிடியை இளக்கி, இரண்டாவது சுற்றுக்குக் கையை மடித்தான். காளை காலை உருவிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் அகப்பட்டது.

சனம் ஓடிவந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே, தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவன் சொன்னான்: "சுத்துக்குள்ள விரல வெச்ச மடையன் நான்தான். கவனிக்கல்ல." பிறகு என்னைப் பார்த்தான். "ராசா, கிளிக்குத் தண்ணி வெச்சிட்டு வா" என்றான். ஆசுபத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன்.

பட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிடிக்காமல் பிடித்தேன் என்று கூவிய பின்கயிற்றுக்காரனோடு அதற்குப் பிறகு எவரும் இறங்கமாட்டார்கள். அவன் வந்தால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போவார்கள். எனக்கு அது நடக்கவில்லை. உதுமாலெவ்வை நடக்கவிடவில்லை. ஊர் என்னைப் பார்த்து, "பாவம், கூட்டாளிக்கு இப்படி ஆச்சுதே" என்று இரக்கப்பட்டது. நானும் வெட்கமில்லாமல் அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருடம் பட்டிப் பக்கம் போகவில்லை. கந்தோர் வேலை என்று பொய் சொன்னேன். பிறகு சூறாவளி அடித்தது. பாதி எருமைகள் செத்தன, மிச்சம் திசைக்கொன்றாகச் சிதறின. கிளியும் போய்விட்டாள். ஒரு காலை உதுமாலெவ்வை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். இடது தோளில் கயிறு கிடந்தது. "மாடெல்லாம் காட்டுக்குள்ள நிக்குது. வா. பின்கால ஆர் புடிக்கிற?" நான், "வேற ஆளப் பாரன், மச்சான்" என்றேன். "எனக்கு வேற ஆள் இல்ல. நட" என்றான்.

முதல் எருமையைக் கண்டோம். இடக்கையால் எறியப் பழகியிருந்தான். சுருக்கைச் சரிசெய்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இனி 'புடிச்சிட்டன்' எண்டு செல்லாத. கயித்த இழு. கையில பாரம் வந்தாப் பிறகு, 'பாரம் வந்திட்டு' எண்டு செல்லு. அதுக்குப் பிறகுதான் நான் விடுவன்."

அவனுக்குத் தெரியும். முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவன் சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகும் நாலைந்து வருடம், சண்டை தொடங்கி நிலைமை கெட்டு அந்தப் பக்கம் போக ஏலாமல் போகும்வரை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கயிறு பிடித்தான். ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வீட்டில் எத்தனையோ தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அவன் வலது கையை நேரே பார்த்தது இல்லை. "நான்தான்டா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழை நான். இப்போது சொல்கிறேன், அவன் கேட்க இல்லை.

அவன் கயிற்றை மூத்த மகன் வைத்திருக்கிறார். அது அவரிடமே இருக்கட்டும். என்னிடம் இருப்பது அவன் தந்த அந்த இரண்டு சொல்தான். கந்தோரிலும் வீட்டிலும், கையில் பாரம் வராமல் எதையும் முடிந்தது என்று நான் சொல்வதில்லை.

அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆள் சேர்ந்தார்கள். மூத்த மகன் என்னைக் கண்டு, "வாங்க மாமா, ஒரு தோள் குடுங்க" என்றார். அவர் சந்தூக்கின் முன்காலைப் பிடித்தார். நான் பின்காலுக்குப் போனேன். வேறு எங்கே போவேன்? தூக்கினோம். மகன் திரும்பிப் பார்க்காமல், "பின்னால சரியா?" என்று கேட்டார்.

உதுமாலெவ்வை என் தோளில் இறங்கும்வரை பொறுத்து நின்றேன்.

"பாரம் வந்திட்டு" என்றேன். பிறகுதான் நடந்தோம்.