இதோ அக்கா நேரத்துக்கு வந்த கதை

எங்கள் தெருமுனையில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இதோ அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எப்போது போன் செய்தாலும், "இதோ வந்துட்டேன், தெருமுனையிலதான் இருக்கேன்" என்பார். அது பொய்யில்லை. கடையே தெருமுனையில்தானே இருக்கிறது!

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலை அளந்தால் கால் அங்குலம் பிசகாது. மடிப்பு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல விழும். ஆனால் அந்த மடிப்பு வீடு வந்து சேர்வதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். எதிர்வீட்டு வங்கி மேலாளர் குடும்பம் மூன்று வாரம் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, அதன் பின்னால் நின்றுதான் உடை மாற்றியது. என் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமைதான் வந்தார். எந்த வாரத்துச் செவ்வாய் என்று நான் கேட்டுவைக்கவில்லை, என் தப்பு.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் போல ஓடியாடி வேலை செய்பவர் இந்தத் தெருவில் இல்லை. வினையே அதுதான். பையைத் தோளில் மாட்டி, ஒரு காலைச் செருப்பில் நுழைத்த பிறகுதான் நூல்பெட்டியில் நீலமும் கருநீலமும் கலந்து கிடப்பது கண்ணில் படும். "இதை மட்டும் பிரிச்சு வெச்சுட்டுக் கிளம்பிடறேன்" என்று உட்காருவார். பிரித்தால் பெட்டியின் அடியில் தூசி. துடைத்தால் துணி அழுக்கு. துணியை அலசினால் தொட்டி அழுக்கு. இத்தனையும் ஒற்றைச் செருப்போடு நடக்கும். அரை மணி கழித்து வாடிக்கையாளர் போன் செய்வார். "இதோ வந்துட்டேன்!"

கடையில் அவருக்கு ஒரே துணை, மெஷினில் உட்கார்ந்து தைக்கும் பெண். வாய் கொஞ்சம் கூர்மை என்பதால் 'ஊசி' என்று பெயர். அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்து அளவு பார்ப்பவர். சாது. பத்து வயதில் ஒரு மகள். அந்த மகளின் பள்ளி ஆண்டு விழாவில்தான் குட்டு உடைந்தது.

நாடகத்தில் மகளுக்குக் குதிரை வேஷம். முழுக் குதிரை இல்லை, பின்பாதி. விழா ஒன்பது மணிக்கு என்று வீட்டுக்காரர் அக்காவிடம் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அக்கா எட்டு மணிக்கே கடைக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போவதாக ஏற்பாடு. கடைக்குப் போனால் மின்சாரம் இல்லை. மெஷின் ஓடாது. விளக்கு எரியாததால் நூல்பெட்டியில் எது நீலம், எது கருநீலம் என்று தெரியவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீரும் இல்லை. பெருக்கலாம் என்றால் துடைப்பத்தை ஊசி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். செய்ய ஒரு வேலையும் இல்லாமல் அக்கா பத்து நிமிடம் இருட்டில் நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நின்றார். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

"விழா ரத்தாயிடுச்சாங்க?" என்றார் அக்கா பதறிப்போய்.

"பதினோரு மணி விழாவுக்கு இப்பவே வந்து யாருங்க நிப்பாங்க?" என்றார் அந்த அம்மாள், கதவில் ஒட்டியிருந்த தாளைத் துடைப்பத்தால் காட்டி. பெரிய எழுத்தில் 'காலை 11 மணி' என்று இருந்தது.

பத்தரை மணிக்கு வீட்டுக்காரர் மகளோடு வந்தார். மகள் இடுப்பு வரை குதிரைக்கால் மாட்டியிருந்தாள். வாசல் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"அப்பா, அம்மா வந்துட்டாங்க! அப்ப விழா முடிஞ்சிடுச்சா?"

விஷயம் புரிய அக்காவுக்கு அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. குதிரை ஆடி முடித்துக் கைதட்டு வாங்கும் வரை பொறுத்திருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் விசாரணை தொடங்கியது.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"எது?"

"ஒன்பதுன்னு சொல்லிப் பதினொண்ணுக்கு விழா நடத்துறது."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணமாகி ரெண்டாவது மாசத்துலேர்ந்து" என்றார்.

அதற்கு மேல் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவர் முன்கூட்டிச் சொல்வது இரண்டு மணி நேரம். அவர் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், முக்கால் மணி. பல் டாக்டர் அரை மணி. ஊசி ஒரு மணி. அவள் வாடிக்கையாளர்களிடமும் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஒரு நேரம், அக்காவுக்கு ஒரு நேரம்.

அக்காவுக்கு எது சுட்டது தெரியுமா? ஏமாற்றியது இல்லை. "அது எப்படி, உங்க தங்கச்சி முக்கால் மணிதான் முன்னாடி சொல்றா, நீங்க ரெண்டு மணி நேரம்?"

"அவ உன்னைக் கொஞ்சம் நம்புறா" என்று வாயை விட்டார் மனிதர். அன்று அவருக்குச் சாப்பாடு கிடைத்தது, ஆனால் யாரும் பரிமாறவில்லை.

மறுநாள் என் வீட்டுக்கும் வந்து, "நீங்களுமா?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நானும் ஒரு மணி நேரக் கட்சிதான்.

இப்படி ஊரே கூடி ஏமாற்றியது தெரிந்தால் வேறொருவர் அழுவார், அல்லது திருந்துவார். அக்கா இரண்டையும் செய்யவில்லை. பழிவாங்கக் கிளம்பினார். எப்படி? யார் எந்த நேரம் சொல்கிறார்களோ, சரியாக அந்த நேரத்துக்குப் போய் நிற்பது. கோபம் வந்தால் அவர் கண்ணுக்கு எந்தத் தூசியும் தெரிவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

நாத்தனார் நாலு மணிக்கு வரச் சொன்னாள். அடித்தது நாலு, கதவைத் தட்டினார். உள்ளே அவள் தலை முழுக்கச் சாயம் பூசி, காதோரம் கறுப்பு வழிய, பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, நீங்க... நாலு மணிக்குன்னா..." என்று திக்கினாள். "நாலு மணிக்குத்தான் வந்திருக்கேன்" என்று அக்கா எதிரில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரை வாய் நிறையச் சோற்றோடு பிடித்தார். வங்கி மேலாளரின் ஒரு கன்னத்தில் சவர நுரை, மறு கன்னத்தில் இல்லை. என் வீட்டுக்கு வந்தபோது நான் எந்தக் கோலத்தில் இருந்தேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

மூன்றே வாரத்தில் ஊர் சரணடைந்தது. இனிமேல் சரியான நேரத்தையே சொல்வோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அக்கா வெற்றிப் பெருமிதத்தோடு நடமாடினார்.

அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்கைகளுக்கு நடுவே தொங்கவிடும் திரைகளை மாற்ற முடிவு செய்திருந்தார்கள். முப்பத்திரண்டு படுக்கை. கிடைத்தால் கடையில் இன்னும் இரண்டு மெஷின் போடலாம். ஊசி தன் தங்கையிடம், "உனக்கு இங்கேயே வேலை, வேற எங்கயும் தேடாத" என்று சொல்லியே விட்டாள். தலைமை நர்ஸ் போன் செய்து, வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அளவெடுக்க வரச் சொன்னார்.

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டார். 'இந்த அம்மாகிட்டயும் ஊசி முன்னாடியே ஓதியிருப்பா. ஒன்பதுன்னா பத்து.' கோபமும் தீர்ந்துபோயிருந்ததால் நூல்பெட்டி மறுபடியும் கண்ணில் பட்டது. ஒன்பது ஐம்பதுக்கு ஆஸ்பத்திரிப் படி ஏறினார், பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட திருப்தியோடு.

தலைமை நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒன்பதரை வரைக்கும் வார்டு வாசல்லயே நின்னேன். வேற கடைக்குச் சொல்லியாச்சு."

"நீங்க பத்துக்குன்னு நினைச்சுத்தான்..."

"நான் ஒன்பதுன்னு சொன்னா ஒன்பதும்மா. அதுக்குப் பின்னால வேற மணி எதுவும் வெச்சுக்கறதில்ல."

கடைக்குத் திரும்பி, துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஊசி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, தங்கைக்குப் போன் போட்டு, "வேற இடம் பாருடி" என்று மூன்றே வார்த்தை பேசி வைத்ததை அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை.

கடைசியில் அக்காவே கேட்டார். "நான் ஏண்டி இப்படி இருக்கேன்?"

"உண்மையா கேக்கறீங்களா, இல்ல ஆறுதலுக்கா?"

"உண்மையா."

"ஜன்னல் நாலடின்னா துணிய நாலடிக்கா வெட்டுறீங்க? மேல மடிக்க, கீழ மடிக்க, சுருங்குறதுக்குன்னு எவ்வளவு விடுறீங்க! நேரத்துக்கு மட்டும் ஒரு விரக்கடை விட மாட்டீங்க. இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம், சொல்லுங்க?"

"பத்து நிமிஷம்."

"யாரு நடந்தா பத்து நிமிஷம்?"

அக்கா யோசித்தார். ஒரே ஒரு முறை பத்து நிமிடத்தில் போயிருக்கிறார். அப்போது வயது இருபத்திரண்டு. பின்னால் ஒரு நாய் துரத்தியது.

அளப்பது அவர் தொழில். மறுநாளே அளக்க ஆரம்பித்தார். துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில், துணியில் கோடு போடும் வெள்ளைக் கட்டியால் எழுதிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்கு, நாய் இல்லாமல், இருபத்தாறு நிமிடம். வீட்டைப் பூட்ட ஒரு நிமிடம் என்று நினைத்திருந்தார். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்ப்பதோடு சேர்த்து ஏழு. வழியில் தெரிந்தவர்களிடம் பேசுவது, பூஜ்யம் என்று நினைத்தது, பதினொன்று. அதில் என் பங்கு மட்டும் ஆறு என்று தனியாகக் குறித்திருந்தார். நானே போய்ப் பார்த்தேன்.

பிறகு ஒரு சட்டம் போட்டார். பையைத் தோளில் மாட்டிவிட்டால் கை பூட்டைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பு ஊசிக்கு. அவள் அதை எவ்வளவு ஆசையோடு எடுத்துக்கொண்டாள் என்கிறீர்கள்! மர அளவுகோலைப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். பையை மாட்டிய அக்காவின் விரல் நூல்பெட்டிப் பக்கம் நகர்ந்தால் மணிக்கட்டில் ஒரு தட்டு. முதல் வாரம் அக்கா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரே நாளில் மாறிவிடவில்லை. அந்த மாதம் நாலு இடத்துக்குத் தாமதமாகத்தான் போனார். ஆனால் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லவில்லை. "இன்னும் கிளம்பல, அரை மணி ஆகும்" என்றார். அதைக் கேட்ட வங்கி மேலாளர் தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டோமோ என்று வைத்துவிட்டு, மறுபடி போட்டார்.

ஐந்தாவது மாதம் தலைமை நர்ஸிடமிருந்து போன் வந்தது. மாடியில் பெண்கள் வார்டுக்குப் பதினெட்டுத் திரை வேண்டும். வியாழன், ஒன்பது மணி. கீழ் வார்டில் திரை மாட்டிய கடைக்காரர் நேரத்துக்கு வந்தாராம். திரைதான் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டதாம்.

எட்டு முப்பத்தைந்துக்கு அக்கா வார்டு வாசல் பெஞ்சில் இருந்தார். காத்திருப்பது என்றால் என்னவென்று வாழ்நாளில் அவர் அறிந்ததில்லை. அதுவரை அடுத்தவர்கள்தான் அவருக்காக அதைச் செய்தார்கள். கை குறுகுறுத்தது. எதிரே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கோணலாக இருந்தது. எழுந்து அதை நேராக்கினார். பக்கத்துத் தாளும் கோணல்தான் என்று தெரிந்தது. சட்டென்று திரும்பி வந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பது ஆனது. ஒன்பதே கால் ஆனது. ஒன்பது இருபதுக்குத் தலைமை நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. கீழ அவசரக் கேஸ் ஒண்ணு வந்துடுச்சு."

"பரவாயில்லீங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தை ஒரே ஒரு முறை, மிக மெதுவாக, ஏறெடுத்துப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் கிடைத்த சுகம் பதினெட்டுத் திரை தைத்ததில்கூடக் கிடைக்கவில்லை என்று என்னிடம் பிறகு ஒப்புக்கொண்டார். தலைமை நர்ஸும் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டு, வாய்க்குள் சிரித்துக்கொண்டே அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தாராம்.

ஊசியின் தங்கை புது மெஷினில் வந்து உட்கார்ந்தாள். அவள் நாக்கும் ஊசிக்குச் சளைத்ததில்லை. சொன்ன தேதிக்கு முந்தைய நாள் மாலையே மூன்று பேரும் திரைகளை எடுத்துப்போய் மாட்டினார்கள். கூடமாட ஏணி பிடிக்க நானும் போயிருந்தேன்.

முதல் படுக்கையில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் மூன்று வாரமாகப் படுத்திருந்தாள். வார்டில் வருகிறவர், போகிறவர், டாக்டர், பக்கத்துப் படுக்கைக்காரியின் சொந்தபந்தம் என்று எல்லோர் கண்ணும் படும் இடம். திரையை மாட்டி முடித்ததும் அவள் கயிற்றை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"என்னம்மா, சரியா ஓடுதா?" என்று வெளியே நின்று அக்கா கேட்டார்.

"ஓடுதுக்கா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருக்கேனே."

அக்கா ஏணியைச் சத்தம் வராமல் மடக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.