பன்னிரண்டு கறுப்பு வட்டங்கள்

என் அண்ணியை எங்கள் தெருவில் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடம் தையல் ஃபேக்டரியில் மிஷின்களைப் பழுது பார்த்தவர். ஃபேக்டரியை மூடிய பிறகு, வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் வண்டி எஞ்சின்களைப் பிரிக்க ஆரம்பித்தார். "பாவாடை தைக்கிற மிஷினும் பிக்கப் எஞ்சினும் ஒண்ணா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருடமே எங்கள் தெருவில் பாதி வண்டிகள் அவர் ஷெட்டு வாசலில் நின்றன.

எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, துணிக்காரன். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சலவை செய்த விரிப்புகளை ஏற்றிப் போவதும் அழுக்கை இறக்கிக் கொண்டுவருவதும் என் பிழைப்பு. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கேட்காமல் வாங்கித் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். இது ஒரு வியாதி என்பான் அண்ணன். இருந்துவிட்டுப் போகட்டும், அழுக்காக இருப்பதைவிட வியாதி மேல் என்பேன் நான்.

என் பிக்கப் என்னைவிட நாலு வயதுதான் இளையது. இரண்டு வாரமாக அது மலை ஏற மறுத்தது. பாதி ஏற்றத்தில் இருமும், பின்னுக்கு நகரும். நோயாளிகள் பழைய விரிப்பிலேயே கிடக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் ஃபோன் மேல் ஃபோன் போட்டார். கடைசியில், "திங்கட்கிழமை காலையில நீங்க வரலேன்னா வேற வண்டி வெச்சுக்கறோம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

அண்ணி எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். நகத்தின் பின்பக்கத்தால் மெல்ல வருடினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேம் ஷாஃப்ட் போச்சு தம்பி. ஏழாவது புடைப்பு தேஞ்சு மொழுக்குன்னு இருக்கு."

எனக்குப் புரியும்படி ஒரு பழைய தையல் மிஷினைத் திறந்து காட்டினார். சக்கரம் சுற்றினால் உள்ளே ஒரு தண்டு சுற்றுகிறது. தண்டில் இருக்கும் புடைப்பு தள்ளும்போது ஊசி ஏறி இறங்குகிறது. எஞ்சினிலும் அதேதான், ஊசிக்குப் பதில் வால்வு. என் வண்டியில் அப்படிப் பன்னிரண்டு புடைப்புகள். ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டாப்பெட் உட்கார்ந்திருக்கும். புடைப்பு அதைத் தூக்கும், அது வால்வைத் திறக்கும், எஞ்சின் மூச்சு விடும். இத்தனை வருடம் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கீழே இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரியாது.

வண்டியைச் செய்த கம்பெனி அந்த ஷாஃப்டைக் கைவிட்டு வெகு காலமாகிவிட்டது. வேறொரு கம்பெனி செய்ததைத் தேடிப் பிடித்து வரவழைத்தோம். சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டியைக் கொடுத்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை முன் கிரில், ரேடியேட்டர் எல்லாவற்றையும் இறக்கி வைத்து, பழைய ஷாஃப்டை உருவிவிட்டு, அண்ணி புது ஷாஃப்டைக் கையில் எடுத்தார். கை நீளத்துக்குக் கனமான இரும்பு. நுனியில் ஒரு நீளமான போல்ட்டை மாட்டிக் கைப்பிடி ஆக்கிக்கொண்டார். உள்ளே இருக்கும் பேரிங்குகளில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. கண்ணாலும் பார்க்க முடியாது. அவர் தள்ளவே இல்லை. கொஞ்சம் சுழற்றுவார், நிறுத்துவார், மறுபடி சுழற்றுவார். தூங்கும் குழந்தையை மடியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுகிறவர் போல இருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கியர் பல்லில் இருந்த அடையாளப் புள்ளியும் எதிர்க் கியரின் புள்ளியும் நேருக்கு நேர் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு உறுத்தல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. இந்த மனுஷியைப் பார்த்தா சிரித்தோம்?

பிறகு அவர் என்னைக் கடைக்கு அனுப்பினார். கேஸ்கெட் வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு எஞ்சினின் முன் மூடியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த முட்டை அட்டையில புது டாப்பெட் இருக்கு. வரிசையா எடுத்து ஒவ்வொரு குழியிலயும் விடுங்க. பாத்து, இடம் மாறிடப் போகுது."

என்னை நம்பி ஒரு வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுகூட இடம் மாறாமல் பன்னிரண்டையும் இறக்கினேன். மேலே, டாப்பெட்டிலிருந்து வால்வுக்குத் தள்ளலைக் கொண்டுபோகும் கம்பிகளையும் ராக்கர்களையும் அண்ணி பூட்டி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, ரேடியேட்டரை மாட்டி முடிக்கும்போது மணி மூன்று.

அண்ணன் தண்ணீர்க் குழாயோடு வந்து நின்றான். அண்ணி அவனிடம் சொன்னார்: "என்னங்க, ஸ்டார்ட் ஆனதுலேர்ந்து இருபது நிமிஷம் நான் ரேஸைக் குறைக்க மாட்டேன். சூடு ஏறினா சொல்லுங்க. அந்த இருபது நிமிஷத்துலதான் புடைப்பும் டாப்பெட்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். பழகிட்டா ஆயுசுக்கும் ஓடும். இல்லேன்னா அந்த இருபது நிமிஷத்துலயே ஒண்ணையொண்ணு தின்னுடும்."

"அது வரைக்கும் எது காப்பாத்தும்?"

"டாப்பெட் அடியில கறுப்பா ஒரு பேஸ்ட் அப்பி வெச்சிருக்கேன்ல, அதுதான்."

தோளிலிருந்த துணியைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் பன்னிரண்டு கறுப்பு வட்டங்கள், முத்திரை குத்தியது போல. ஒவ்வொன்றையும் குழியில் விடுவதற்கு முன் என் கை துடைத்திருக்கிறது. என்னைக் கேட்கவே இல்லை அந்தக் கை. எவ்வளவு அழுக்காகச் செய்து அனுப்பியிருக்கிறான் பாவி என்று மனதுக்குள் திட்டியதுகூட நினைவு வந்தது.

அண்ணி ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஒருவேளை ஷாஃப்டிலேயே கொஞ்சம் பேஸ்ட் இருக்கலாம். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். சொன்னால் திரும்பப் பிரிக்க வேண்டும், அண்ணி காலையிலிருந்து சாப்பிடவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கம்பெனி சரக்கு மட்டம் என்று சொல்லிவிடலாம். இவ்வளவையும் அவர் சாவியைச் செருகும் நேரத்துக்குள் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

"அண்ணி, சாவியத் திருப்பாதீங்க."

துணியை விரித்துக் காட்டினேன். அண்ணன், "அடப்பாவி" என்று சொல்லிக் குழாயைக் கீழே போட்டான். அண்ணி இறங்கி வந்து துணியை வாங்கி, வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும்."

கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

"ஃபேக்டரியில சேந்த புதுசுல ஒரு மிஷினுக்குக் கேமை ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன் தம்பி. மாட்டினப்புறம்தான் சந்தேகம் வந்துது. சூப்பர்வைசர் கத்துவாரேன்னு வாயைத் திறக்கல. மத்தியானம் ஊசி தட்டுல மோதித் தெறிச்சு, தைச்சிட்டிருந்த பொண்ணோட கண்ணுக்குப் பக்கத்துல குத்திடுச்சு. நூலிழைல தப்பிச்சா. நான்தான் மாட்டினேன்னு இன்னிக்கு வரைக்கும் அவகிட்டச் சொன்னதில்ல."

அண்ணனுக்கே அது புதுசு என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"நீங்க சொல்லிட்டீங்க" என்று எழுந்தார். "வாங்க, பிரிப்போம்."

ராக்கர்களைத் தளர்த்தி, கம்பிகளை உருவி, காந்தக் குச்சியால் டாப்பெட்டுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார். பேஸ்ட் ட்யூப் தட்டையாகிக் கிடந்தது. தையல் கத்தரியால் அதை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருந்ததை ஊசிமுனையால் வழித்தார். டாப்பெட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பொட்டு. கடைசிப் பொட்டு வைத்தபோது ட்யூபின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தது; நான்கூட அப்படித் துடைத்திருக்க முடியாது. என்னை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான் அண்ணன். நின்றேன்.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டி முடித்து, வெளிச்சம் சாயும் நேரத்தில் அண்ணி சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க திருப்புங்க. ரேஸ் நான் பாத்துக்கறேன்."

திருப்பினேன். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணி பானெட்டுக்குள் கையை விட்டு ரேஸை ஏற்றிப் பிடித்தார், இருபது நிமிடமும் கையை எடுக்கவில்லை. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது, தண்ணீர்க் குவளை மேஜையில் தானாக நகர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் பன்னிரண்டு இரும்புத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒன்றுக்கொன்று பழகிக்கொண்டிருந்தன. முதலில் கரகரப்பாக இருந்த ஒலி, எட்டாவது நிமிடத்தில் இழுத்துக் கட்டிய நூல் போல ஒரே சீராக ஆனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, எப்போதும் முதல் கியரில் முனகி ஏறும் வளைவை மூன்றாவது கியரில் ஏறினேன். பின்னால் நூற்று அறுபது விரிப்புகள். ஆஸ்பத்திரி வாசலில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

போன வாரம் அண்ணி அந்தத் தையல்காரப் பெண்ணின் விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்து வண்டியின் கண்ணாடி, கதவு, சக்கரம் எல்லாவற்றையும் துடைத்தேன், வேறொரு துணியால். அந்தப் பன்னிரண்டு வட்டத் துணி ஸீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அதை மட்டும் நான் இன்னும் துவைக்கவில்லை.