காலி இடத்தில் ஒச்சாயி

எண்பத்தைந்து வாக்கில், தல்லாகுளத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் எல்லா புரோகிராமும் அங்கே வேலை பார்த்த சௌரிராஜன் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுதினார்கள். அதில் ஓர் இடம் காலியாக இருந்தால், மேல்வரியில் இருப்பதையே மெஷின் எடுத்துக்கொள்ளும். நெசவாளர் சங்கத்துப் பெயர்களை ஏற்றும்போது தெருப்பெயரை ஒருதரம் அடித்தால் போதுமே என்று, நெசவுக் குடும்பத்துப் பிள்ளையான அவர் செய்துகொடுத்த வசதி அது.

பிறகு ஓர் ஆஸ்பத்திரிக்கும் அதே மொழியில் எழுதினார்கள். பென்சிலின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற சோதனையே செய்யாத ஒச்சாயி என்ற நோயாளிக்கு, மேல்வரி ஆளின் ‘ஒத்துக்கும்’ அச்சாகி வந்தது. ஊசி போட்டார்கள். பொழுது சாயுமுன் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பஸ் போர்டில் எழுத்து அழிந்த இடத்தைப் பார்த்தாலும் சௌரிராஜனுக்கு அவள் பெயர்தான் தெரிந்தது.

“இனிமே காலின்னா மெஷின் நிக்கணும்!” என்று மேஜையில் அறைந்தார்.

“நின்னா பழைய புரோகிராம் அம்புட்டும் படுத்துரும்ண்ணே. சங்கத்துக்காரங்க சும்மா விடுவாங்களா?” என்றான் கூட வேலை பார்த்த வெள்ளைத்துரை.

சௌரிராஜன் இறங்கிவந்தார். பழையது அப்படியே ஓடட்டும். ‘நில்’ என்று ஒரு வரி சேர்த்த புரோகிராமில் மட்டும் மெஷின் நிற்கும்.

மறு வருஷம் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு வெள்ளைத்துரை புதிதாக எழுதினான். சௌரிராஜன் வரிவரியாகத் தேடினார்.

“எங்கடா ‘நில்’?”

“அது இல்லாமலே ஓடுதேண்ணே.”

அவர் அந்தப் புரோகிராமை ஓட்டி, ஒரு பெயருக்குக் கீழே ஒச்சாயி என்று அடித்து, சோதனை இடத்தைக் காலியாக விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்வரி இறங்கி வந்து அங்கே உட்கார்ந்தது: ஒத்துக்கும்.