மூன்று சுளை

பஸ்ஸில் யாரோ கமலா ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனைக்கு என் வலக்கை தானாக இறுகியது.

பத்து வயதில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவோடு எஸ்டேட் குளத்தில் விரால் பிடிக்கப் போவேன். தூண்டிலில் மாட்டிய தவளையை விரால் கவ்வினால், விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். நானோ பதறிப்போய் உடனே இழுத்து நழுவவிடுவேன்.

“இன்னைக்கும் அவசரப்பட்டீன்னா இனி ஊட்டுலயே இருந்துக்க கண்ணு,” என்று ஒருநாள் அக்கா என் இடக்கையில் மூன்று ஆரஞ்சுச் சுளை வைத்தாள். “கவ்வுனதும் ஒவ்வொண்ணாத் தின்னு. மூணும் தீந்தாத்தான் இழுக்கோணும்.”

தூண்டில் நரம்பு நகர்ந்தது. பயந்துகொண்டே மூன்றையும் தின்று முடித்து இழுத்தேன். முழங்கை நீள விரால் கரையில் துள்ளியது.

“கொட்டையெல்லாம் எங்க துப்புன?”

“முழுங்கிட்டனுங்க்கா.”

“மீனே உன்னையவிட மெதுவாத்தான் முழுங்கியிருக்கும்,” என்று சிரித்தவள், “நாளைக்கும் வா,” என்றாள்.

நான் இறங்க வேண்டிய அடிவாரத்துக்கு இன்னும் நான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதற்குள் பையோடு எழுந்து, படிக்கட்டருகே நிற்கிறேன்.